பொழுதோட காலேஜ்

மத்தியானச் சோத்துக்கு அப்புறம் யாராவது திட்டம் போடுவாங்களா? எந்த மகராசன் கண்டுபுடிச்ச நேரமோ. குன்னூர் குளிர்ல வெஜிடபிள் பிரியாணியும் குலாப்ஜாமூனும் தின்னுபோட்டு, கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பத்து வருசம் கழிச்சு நம்ம பிள்ளைக எங்க படிக்கும், எதைப் படிக்கும்னு யோசிக்கச் சொன்னா கண்ணு தானா சொருகுது. மேடையில ஒரு வேலூர்க்காரர் அம்புக்குறி போட்ட படம் காட்டிப் பேசிட்டு இருக்காரு. எல்லா அம்பும் மேல பாத்துத்தான் போகுது. கீழ பாத்துப் போற அம்பை இங்க வந்ததுல இருந்து நான் பாக்கவே இல்லை. அவரு முடிச்சதும் எங்க குழு. எங்க குழுவுக்காகப் பேசப்போறது நான். என் கையில இருக்கற தாள்ல கடைசி வரி இப்படி இருக்கு: ‘எனவே இந்த மாலை நேரக் கல்லூரியை மூடிவிடப் பரிந்துரைக்கிறோம்.’ இதைப் படிச்சா முடிஞ்சுது. கை தட்டுவாங்க, டீ குடிக்கப் போவோம். நான் அந்தக் காலேஜ்ல படிச்சவள்னு இங்க ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. தெரியாம நான்தான் பாத்துக்கிட்டேன். மூடிவிட. மூடிடலாம். கொழம்புச் சட்டியை மூடற மாதிரி எவ்வளவு லேசா வருது பாரு வாயில.

பின்னாடி பெரிய பேனர் தொங்குது, ‘உயர்கல்வித் திட்டமிடலில் வளர்ந்துவரும் தலைவர்கள்’னு. எனக்கு நாப்பத்தொம்பது வயசு. இனிமேல் எங்க வளர்றது, இடுப்புலதான் வளரணும். வந்த அன்னைக்கே எங்களை வட்டமா நிக்கவச்சு, உங்களை ஒரு மரமா நினைச்சுக்கோங்க, என்ன மரம்னு சொல்லுங்கன்னாங்க. பெரிய பெரிய பேராசிரியருங்க, டிபுடி ரெஜிஸ்ட்ராருங்க எல்லாம் ஆலமரம் அரசமரம்னு கையை விரிச்சுக்கிட்டு நின்னாங்க. பாதிப்பேரு ஆலமரம். தோப்பே ஆகிப்போச்சு. என் முறை வந்தப்ப வாய்க்கு வந்தது முருங்கைமரம். எல்லாரும் சிரிச்சாங்க. இந்தப் பயிற்சி முகாமை நடத்தற தணிகாசலம் சார் மட்டும் சிரிக்கலை, ‘நல்லதும்மா, ஒடிச்சு நட்டாலும் வரும்’னு மெதுவா சொல்லிட்டுத் தாள்ல எதையோ குறிச்சுக்கிட்டாரு. மனுசன் குரலை உசத்தியே நான் கேட்டதில்லை. எல்லாரையும் அம்மா, ஐயான்னுதான் கூப்பிடுவாரு. ஆனா அவரு குறிச்சுக்க ஆரம்பிச்சா எல்லாரும் அந்தத் தாளையே எட்டிப் பாப்பாங்க. ஏன்னா இந்த முப்பது பேர்ல இருந்து ஒருத்தரைத்தான் சென்னைக்கு, அரசாங்கத்தோட உயர்கல்வித் திட்டப் பிரிவுக்குத் துணை இயக்குநராக் கூட்டிட்டுப் போகப்போறாங்க. யாரும் வாயைத் திறந்து சொல்றதில்லை, ஆனா மெஸ்ல தோசை ஊத்தறவருக்குக்கூடத் தெரியும். எனக்கு வேணுமா? வேணும். ஏன் பொய் சொல்லணும். பல்கலைக்கழகத்துல திட்டப் பிரிவுல உக்காந்து அடுத்தவங்க எழுதற அறிக்கைக்குப் பக்க எண் போட்டே கண்ணு மங்கிப்போச்சு. ஒரு தடவையாவது நான் எழுதறதுக்கு இன்னொருத்தர் பக்க எண் போடட்டுமே. அந்த ஆசையோடதான் மலையேறி வந்தேன். ரெண்டாம் நாளு, ஒவ்வொரு குழுவுக்கும் நிசமான ஒரு காலேஜோட கோப்பைக் கொடுத்து, இதை என்ன செய்யலாம்னு திட்டம் போடச் சொன்னாங்க. எங்களுக்கு வந்ததைப் பிரிச்சேன். பேரைப் பாத்ததும் அந்தக் குளிர்லயும் எனக்குக் குப்புனு வேர்த்துருச்சு.

அட கெரகமே, அதேதான். எங்க ஊரு காலேஜ். எங்க பக்கத்துல சாயங்காலத்தைப் பொழுதோடன்னு சொல்லுவோம், அதனால ஊருக்குள்ள அதுக்குப் பேரு பொழுதோட காலேஜ். பகல்ல அது உயர்நிலைப் பள்ளிக்கூடம். ஆறு மணிக்கு மேலதான் காலேஜ். பத்து வயசுப் பிள்ளைக உக்கார்ற பெஞ்சுல முட்டியை மடக்கிக்கிட்டு நாங்க உக்காருவோம். கண்டக்டரு, தபால்காரரு, ஆஸ்பத்திரி நர்சு, ஜவுளிக்கடையில துணி மடிக்கறவங்க, மில்லுல நூல் சுத்தற கோன் வைண்டிங்ல நிக்கற என்னைமாதிரி பொண்ணுங்க. சங்கு ஊதினதும் தலையில ஒட்டின பஞ்சைக்கூடத் தட்டாம ஓடியாருவேன். கரும்பலகையில பாதியைப் பகல்ல பாடம் எடுத்த டீச்சர் ‘அழிக்காதீர்கள்’னு எழுதிக் கட்டம் கட்டி வச்சிருப்பாங்க. உள்ள ஒரு செம்பருத்திப் பூவைக் குறுக்க வெட்டின படம், கலர் சாக்பீஸ்ல. மிச்ச இடத்துலதான் எங்களுக்குப் பொருளாதாரம். வருசம் பூரா அந்தச் செம்பருத்திக்குப் பக்கத்துலதான் கருணாம்பிகை மேடம் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் போட்டாங்க. இன்னைக்கும் எனக்குத் தேவைக்கோடுன்னா ஓரத்துல ஒரு மகரந்தம் தெரியும். அந்த ரூமுக்குன்னு ஒரு வாசம் இருந்துச்சு. பகல்ல பிள்ளைக சாப்பிட்ட எலுமிச்சஞ்சோத்து வாசம், எங்க வேர்வை வாசம், மழை பேஞ்சா நனைஞ்ச சாக்பீஸ் வாசம். இப்ப நான் உக்காந்திருக்கற ஹால்ல பழைய கம்பளி வாசம்தான் அடிக்குது. அந்த வாசம் இன்னொருக்கா கெடைச்சா நான் எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடந்துபோவேன். சத்தியமா போவேன்.

கிளாஸ் ஆறுல இருந்து ஒன்பது. ஆனா ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் முழுசா உக்காந்து கேட்டவங்க அந்தக் காலேஜ்லயே கெடையாது. பவுண்டரிக்காரங்க ஏழரைக்குத்தான் வருவாங்க. உருக்கின இரும்பை அச்சுல ஊத்தாம பாதியில வச்சுட்டு, எனக்குப் பரீட்சை இருக்குதுன்னு ஓடிவர முடியுமா? எங்களுக்கோ எட்டரைக்கு மேல டவுன்பஸ் இல்லை. அதனால அங்க ஒரு பழக்கம் இருந்துச்சு, யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியாது. நாங்க சேரும்போதே இருந்துச்சு. ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் முன்பாதி, ஒருத்தர் பின்பாதி. சீக்கிரம் வர்றவங்க முன்பாதியைக் கேட்டு வச்சுக்கணும். நடுவுல பத்து நிமிசம் டீக்கு விடுவாங்க, அப்ப சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு, தாமசமா வந்தவங்களுக்கு முன்பாதியைச் சொல்லணும். எட்டரைக்கு நாங்க பஸ்ஸுக்கு ஓடிருவோம். கடைசிவரை இருக்கறவங்க பின்பாதியைக் கேட்டு வச்சு மறுநாளு சொல்லணும். அட்மிசன் போடற அன்னைக்கே மேடம் கேப்பாங்க, ‘நீ முன்பாதியா பின்பாதியா?’ன்னு. அப்பா பேரு கேக்கறதுக்கு முன்னால அதைத்தான் கேப்பாங்க. ஒரு முன்பாதியும் ஒரு பின்பாதியும் சேந்தாத்தான் எங்களுக்கு ஒரு பாடம். பத்து நிமிசத்துக்குள்ள ஒண்ணரை மணி நேரத்தைச் சொல்லணும்னா சும்மாவா? கேக்கறவங்க கையில டீ, கண்ணுல தூக்கம், காலு வலி. நாம வழவழன்னு பேசினா அவங்க பன்னைத் தின்னுட்டுப் போயிருவாங்க. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பேச்சே வந்துச்சு. அதுக்கு முன்னால நான் ஊமைக்கோட்டான். எங்கம்மாவே என்னை அப்படித்தான் வைவாங்க.

என் பெஞ்சுக்குப் பின்பாதி நாச்சிமுத்து. பம்ப்செட் பவுண்டரியில வேலை. வேர்க்க விறுவிறுக்க சைக்கிளை நிறுத்தாமயே கேப்பாரு, ‘ஏனுங் வசந்தாமணி, மேடம் இன்னிக்கு எங்க வரைக்கும் போனாங்?’ நான் ஆரம்பிப்பேன். ‘கேட்டுக்கங்க. ஒரு ஊர்ல ஒரே ஒரு பம்ப்செட் கம்பெனிதான் இருந்துச்சாம். அவரு சொன்னதுதான் வெலையாம். வாங்கினா வாங்கு, வாங்காட்டிப் போன்னுட்டாராம்.’ நாச்சிமுத்து பன்னைக் கடிச்சபடி, ‘அடடா, அது என்ற மொதலாளியேதானுங். மேடத்துக்கு எப்படித் தெரிஞ்சுதுங்?’ம்பாரு. அவ்வளவுதான், ஏகபோகம்னா என்னன்னு அவருக்குப் புரிஞ்சுரும், எனக்கும் அப்பத்தான் புரியும். ஆனா அவரு பின்பாதி சொல்ற லட்சணம் இருக்குதே, ஐயோ சாமி. ‘நேத்து நான் போனதுக்கப்புறம் என்ன நடத்தினாங்க?’ன்னு கேட்டா, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, ‘பெருசா ஒண்ணுமில்லீங். வெலை ஏறுமாம், அப்புறமேட்டு எறங்குமாம், கடைசியில எல்லாம் சரியாப் போயிருமாம்’பாரு. மூணு வருசமும் இதே கதைதான். அதனால இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பொருளாதாரத்துல ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது. அப்படிப்பட்டவதான் மாநிலத்துக்கே திட்டம் போட வந்திருக்கேன். சிரிப்பு வருது. பக்கத்துல உக்காந்திருக்கற ஷஹீனா திரும்பிப் பாக்குது. சின்னப் பொண்ணு, வாணியம்பாடிப் பக்கம், கம்ப்யூட்டர் நடத்துது, எங்க குழுவோட படமெல்லாம் அதுதான் போட்டுச்சு. ‘என்னங்க மேம், டென்ஷனா?’ங்குது. இல்லை கண்ணுன்னு தலையாட்டறேன். ஒரு நாளு நாச்சிமுத்து புருவம் பொசுங்கி வந்து நின்னாரு. இரும்பு தெறிச்சிருச்சாம். ‘ஒண்ணுமில்லீங், நீங்க சொல்லுங்’ங்கறாரு. எனக்கு அந்தப் புருவத்தை ஊதிவிடணும்னு இருந்துச்சு. ஊதலை. சைக்கிள் ஸ்டாண்டுல அத்தனை பேரு நின்னாங்க, யாரும் இல்லாட்டியும் ஊதியிருக்கமாட்டேன். தேசிய வருமானத்தைப் பத்திச் சொன்னேன். எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சு. இப்பச் சொல்றதுல என்ன வந்துச்சு. கடைசிப் பரீட்சை எழுதிட்டு வெளிய வந்தப்ப, ‘இனி யாருக்குங் முன்பாதி சொல்லுவீங்?’னு கேட்டாரு. ‘யாராவது கெடைப்பாங்க’ன்னு வெடுக்குனு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். அப்புறம் அவரு ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டதாச் சொன்னாங்க. கல்யாணம் ஆகியிருக்கும், பேரன் பேத்திகூட இருக்கும். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

போன் அதிருது. வீட்டுக்காரரு. ‘சிலிண்டர் புக் பண்ணினியா? பேசியாச்சா? போஸ்ட் கெடைக்குமா?’ மூணு கேள்வியையும் ஒரே மூச்சுல அனுப்பியிருக்காரு. அவருக்கும் நான் எங்க படிச்சேன்னு தெரியும், ஆனா சொந்தக்காரங்ககிட்டச் சொல்லும்போது எம்.ஏ.ல இருந்துதான் ஆரம்பிப்பாரு. நானும் அப்படித்தான். பல்கலைக்கழகத்துல யாராவது ‘எந்த காலேஜ் மேடம்?’னு கேட்டா எம்.ஏ. படிச்ச இடத்தைச் சொல்லிப் பேச்சை மாத்திருவேன். பி.ஏ. ஆகாயத்துல இருந்து விழுந்த மாதிரி. நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல எங்க குழு ஜெபராஜ் சார், நாகர்கோவில்காரரு, நல்ல மனுசன்தான், சப்பாத்தியைப் பிச்சுக்கிட்டே சொல்றாரு, ‘மேடம், இந்த ஈவ்னிங் காலேஜ்ல உள்ளதெல்லாம் டிகிரியா? ஆளு வரவே செய்யல்ல பாத்துக்கிடுங்க. சும்மா கல்யாணப் பத்திரிகையில போடுகதுக்குப் படிக்கான்.’ ஷஹீனா சிரிச்சுது. நான் தண்ணி குடிச்சேன். தண்ணி குடிக்கறதுல என்ன தப்பு? தாகம் எடுத்துச்சு, குடிச்சேன். அப்பவே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. ஜெபராஜ் சார் நாக்கைக் கடிச்சுக்குவாரு, அப்புறம் என்கிட்டப் பேசும்போது கொஞ்சம் மெதுவாப் பேசுவாரு, நோயாளிகிட்டப் பேசற மாதிரி. அந்த மெதுவைத்தான் என்னால தாங்க முடியாது. தணிகாசலம் சார் தாள்ல எதையாவது குறிச்சுக்குவாரு. துணை இயக்குநர் நாற்காலியில ஒரு வைண்டிங்காரி உக்காரலாமான்னு யாராவது யோசிப்பாங்க. யோசிக்கமாட்டாங்க. யோசிப்பாங்க. இதே இடத்துல வந்து வந்து சிக்கறேன், நூலு சிக்கற மாதிரி. மில்லுல சிக்குனா அறுத்துட்டு முடிச்சுப் போடுவோம். இங்க எங்க அறுக்கறது?

வேலூர்க்காரரு இன்னும் அம்புலயே நிக்கறாரு. நல்லது, நிக்கட்டும். ஷஹீனா போட்ட படத்துல எங்க காலேஜுக்கு ஒரு சிவப்புக் கட்டம், துளியூண்டு, பக்கத்துல மத்த காலேஜெல்லாம் பச்சையில நெட்டநெட்டையா நிக்குது. வருகைப்பதிவு நூத்துக்குப் பதினொண்ணு. பொய்க்கணக்கு இல்லை, கைரேகை மெஷின் சொல்ற கணக்கு. போன வருசம் அங்க வாசல்ல மெஷின் வச்சிருக்காங்க. ஆறு மணிக்கு ஒருக்கா விரலை வைக்கணும், ஒன்பது மணிக்கு ஒருக்கா வைக்கணும். ரெண்டுல ஒண்ணு தவறினாலும் அன்னைக்கு வரலைன்னு அர்த்தம். அப்பப் பாருங்க, முன்பாதிக்காரிக ஒன்பதுக்கு இல்லை, பின்பாதிக்காரங்க ஆறுக்கு இல்லை. மெஷினைப் பொறுத்தவரைக்கும், எப்பவாவது முழுசா இருந்த அந்தப் பதினொண்ணு போக, அந்தக் காலேஜ்ல படிக்க ஆளே இல்லை. வெச்சவங்க கெட்டவங்க இல்லை. பகல்ல படிச்சவங்க. காலேஜ்னா உள்ள போனவங்க எல்லாரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வருவாங்கன்னு நினைச்சிருக்காங்க. ஆனா இதை எப்படிச் சொல்றது? அந்தப் பழக்கம் எங்க காலத்தோட செத்துப்போயிருந்தா? இப்ப எல்லார்கிட்டயும் வண்டி இருக்கு, போன் இருக்கு. நான் பாட்டுக்கு எந்திரிச்சு முன்பாதி பின்பாதின்னு உளறி, அதெல்லாம் இப்ப இல்லைம்மான்னு யாராவது சொன்னா? அதனாலதான் நேத்து பொழுதோட வராண்டாவுல நின்னு அந்தக் காலேஜ் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ரொம்ப நேரம் அடிச்சு ஒரு பொண்ணு எடுத்துச்சு. ‘ஆபீஸ்ல யாருமில்லீங். நான் ஸ்டூடண்ட்டுங்.’ சார் எங்கன்னேன். ‘டீ குடிக்கப் போயிருக்காருங். சித்தெ நேரம் கழிச்சுக் கூப்பிடறீங்களா? நான் இங்க முன்பாதி சொல்லிட்டு இருக்கனுங். இவிய இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தாங்.’ எனக்குக் காது அடைச்சுப்போச்சு. ‘என்ன சொல்லிட்டு இருக்கே?’ன்னு மறுபடியும் கேட்டேன். ‘அதுங்களா, அது உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்’னு சொல்லிட்டு வச்சுருச்சு. புரியாதாம். எனக்கு. வராண்டாவுல பனி முகத்துல அடிக்குது, நான் போனைக் காதுல வச்சமேனிக்கு நின்னு சிரிக்கறேன், கண்ணுல தண்ணியாக் கொட்டுது. அவ்வளவு சந்தோசம். அவ்வளவு பொறாமை. அந்தப் பொண்ணுக்கு எதிர்ல யாரு நின்னாங்க, எந்தக் கம்பெனியில இருந்து வந்தாங்க, கையில பன்னு இருந்துச்சா, ஒண்ணும் தெரியலையே.

‘அடுத்து நாலாவது குழு. வசந்தாமணி அம்மா, வாங்க.’ கை தட்டறாங்க. வேலூர்க்காரரு எப்ப இறங்கினாரு? ஜெபராஜ் சார் பின்னாடி இருந்து, ‘மேடம், கடைசி வரிய நல்லா அழுத்திச் சொல்லணும் கேட்டீங்களா’ங்கறாரு. காலு நடக்குது. சேலைக் கொசுவத்தைச் சரி பண்றேன். மைக் என் வாய்க்கு எட்டலை, யாரோ வந்து இறக்கி வைக்கறாங்க. எதிர்ல முப்பது முகம், சோத்துத் தூக்கத்தோட, காலு நீட்டிக்கிட்டு. இந்த முகங்களை எனக்குத் தெரியும். தூக்கம் சொக்கற முகத்துக்கு எப்படிப் பேசணும்னு எனக்கு யாரும் பயிற்சி குடுக்க வேண்டியதில்லை. தாளைப் பாக்கறேன். ‘எனவே’ மட்டும் தெரியுது. படிச்சுட்டுப் போயிருடி, ஒரே வரிதானே. வாய் திறக்குது. ‘அய்யா, அம்மா, எல்லாரும் தூக்கத்துல இருக்கீங்க. நானும்தான். ஆனா இதைவிடத் தூக்கத்துல, எட்டு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு வந்து நான் மூணு வருசம் படிச்சிருக்கேன். இந்தக் காலேஜ்லதான்.’ சொல்லியாச்சு. வெளிய வந்துருச்சு. ஜெபராஜ் சார் நிமிர்ந்து உக்கார்றாரு. அப்புறம் என்ன பேசினேன்னு கோர்வையா எனக்குத் தெரியலை. செம்பருத்தியைச் சொன்னேன். சைக்கிள் ஸ்டாண்டைச் சொன்னேன். இரும்பு உருகிட்டு இருக்கும்போது விட்டுட்டு வரமுடியாதுன்னு சொன்னேன். நாச்சிமுத்து பேரைச் சொல்லலை, அது என்னோட இருக்கட்டும். நேத்து போன்ல பேசின பொண்ணைச் சொன்னேன். சிவப்புக் கட்டத்தைக் காட்டி, இது வராதவங்க கணக்கு இல்லைங்க, பாதி பாதியா வந்தவங்க கணக்கு, ரெண்டு பாதியையும் சேத்துப் பாருங்க, இந்தக் காலேஜ் நெறஞ்சு கெடக்குன்னு சொன்னேன். மூடாதீங்கன்னு சொன்னேன். மெஷினை மாத்துங்க, காலேஜை மூடாதீங்க. குரல் உடைஞ்சுருச்சு. நின்னுட்டேன்.

எங்கியோ ஒரு நாற்காலி கிரீச்சுன்னுச்சு. அப்புறம் எல்லாரும் எந்திரிச்சாங்க. எந்திரிச்சு நின்னு தட்டறாங்க. ஷஹீனா மூக்கை உறிஞ்சுது. ஜெபராஜ் சார் வந்து ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டு, ‘மேடம், நேத்து நான் சொன்னது மனசுல வச்சுக்கிடாதீங்க’ங்கறாரு. மெதுவாப் பேசலை, வழக்கம்போலச் சத்தமாத்தான் பேசறாரு. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போச்சு. இத்தனை வருசம் எதுக்கு மூடி மறைச்சேன், பைத்தியக்காரி. ஜெயிச்சுட்டேன். அந்தக் காலேஜை நான் காப்பாத்திட்டேன். பொழுதோட ஆறு மணிக்கு அந்த ரூம்ல லைட்டு எரியும், அடுத்த வருசமும் எரியும், யாரோ ஒருத்தி ஓடியாந்து உக்காருவா. அவளுக்கு நான் யாருன்னே தெரியாது. தெரிய வேண்டாம். அம்மா இருந்திருந்தா இன்னைக்குப் பாத்திருக்கணும் என்னை.

டீ எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கறேன். தணிகாசலம் சார் தன் கப்போட பக்கத்துல வந்து நிக்கறாரு. ‘ரொம்ப அருமைம்மா. இத்தனை வருசத்துல இந்த முகாம்ல இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை.’ நன்றிங்க சார்ங்கறேன். ‘நீங்க அங்க படிச்சவங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் அந்தக் கோப்பை உங்க குழுவுக்கு வரவச்சேன்.’ நான் அவரு பக்கம் திரும்பறேன். ‘அப்ப மூடமாட்டாங்கதானே சார்?’ அவரு என்னைப் பாக்கறாரு. நல்ல மனுசங்க பாக்கற பார்வைதான். ‘அது போன மாசமே முடிவானதும்மா. வர்ற ஜூன்ல இருந்து சேர்க்கையும் கிடையாது, கிளாஸும் கிடையாது. மேல கையெழுத்தாயிருச்சு.’ டீ நாக்கைச் சுடுது. ‘அப்புறம் எதுக்குங்க சார் எங்களைத் திட்டம் போடச் சொன்னீங்க?’ ‘முடிவைத் தேடி இல்லம்மா, ஆளைத் தேடி. முடிவு யார் வேணும்னாலும் எடுக்கலாம். அந்தப் பிள்ளைகளை உக்காரவச்சு அதைச் சொல்றதுக்குத்தான் ஆள் கிடைக்கறதில்லை. வேற யார் போனாலும் கலவரம் ஆகும். நீங்க போனா கேப்பாங்க. இப்பப் பேசின மாதிரியே பேசுங்க, நானும் உங்கள்ல ஒருத்திதான்னு. கண்ணு கலங்கினாலும் பரவாயில்லை, அது நல்லதுதான். துணை இயக்குநரோட முதல் வேலையே இதுதாம்மா. வாழ்த்துகள்.’ கப்பை வச்சுட்டு, என் தோளுக்குப் பக்கத்துல கையைக் கொண்டுவந்து, தொடாம எடுத்துக்கறாரு.

மாட்டேன்னு சொல்லணும். இந்த டீயை அவரு சட்டையில ஊத்திட்டு பஸ் ஏறணும். எந்திரிச்சு நின்னு தட்டினாங்களே, அத்தனை பேருக்கும் இது தெரியுமா? தெரிஞ்சுதான் தட்டினாங்களா? மாட்டேன். நான் மாட்டேன்னா அந்த அம்புக்காரரு போவாரு. போயி அம்பு காட்டுவாரு. பிள்ளைக முகத்தைக்கூடப் பாக்காம படிச்சுட்டு வந்துருவாரு. அதுக்குப் பதிலா நான் போனா, பிள்ளைகளுக்கு வேற எங்கயாவது இடம் கேட்டு வாங்கலாம். ரெண்டாம் வருசம் மூணாம் வருசமாவது அங்கயே முடிக்கட்டும்னு பேசலாம். பேசிப் பாக்கலாம். ஆறு மணிக்குச் சொல்லக்கூடாது, பாதிப்பேரு இருக்கமாட்டாங்க. ஏழரைக்கு மேல, எட்டரைக்குள்ள. அந்த ஒரு மணி நேரந்தான் எல்லாரும் இருப்பாங்க. மழை நாளா இருந்தா கூட்டம் போடக்கூடாது. முதல்ல எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் குடுத்துரணும், வெறும் வயித்தோட கேக்கக்கூடாது. மேசைக்குப் பின்னாடி நிக்கக்கூடாது, பெஞ்சுலயே உக்காந்துக்கணும். ‘கண்ணுகளா, நானும் இந்த ரூம்லதான் படிச்சேன்’னு ஆரம்பிக்கணும். நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அழுவாங்க, ஆனா கலவரம் பண்ணாம எந்திரிச்சுப் போயிருவாங்க. சார் இன்னும் நிக்கறாரு, என் பதிலுக்கு. வாயைத் திறக்கறேன்.

‘எப்பங்க சார் போகணும்?’ங்கறேன்.